பல கணினி, ஒரே கணக்கு

பல இடங்களில் இருக்கும் பல கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி ஒரே காரியத்தை முடிக்கும் அமைப்புக்குப் பரம்பல் முறைமை என்று பெயர். மென்பொருள் துறையில் எல்லாரும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்றே சொல்வார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றபடி ஒருவர் போனில் பணம் அனுப்பினால், எல்லாம் அந்தச் சின்னத் திரையிலேயே நடந்து முடிந்ததுபோல் தெரியும். திரைக்குப் பின்னால் போன் கம்பனியின் கணினி, அனுப்புபவரின் வங்கிக் கணினி, பெறுபவரின் வங்கிக் கணினி, இரண்டு வங்கிக்கும் நடுவில் கணக்குத் தீர்க்கும் கணினி என்று நாலைந்து கணினிகள் சில நொடிகளுக்குள் பேசி முடித்திருக்கும். அந்தப் பேச்சு தவறாமல் நடக்க வழி செய்வது ஒரு தொழில். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாள் முழுதும் கையில் எடுக்கும் நிரல் மொழி, பிழை தேடும் கருவி, சோதனைக் கருவி ஆகியவற்றைச் செய்து கொடுப்பது அதை ஒட்டிய இன்னொரு தொழில். இலங்கையின் மூத்த மென்பொருள் பொறியியலாளர் பலருடைய வாழ்க்கையில் இவை இரண்டும் பின்னியே கிடக்கின்றன.

இந்தத் தொழிலின் கடினம் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு கணினி இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புகிறது, பதில் வரவில்லை. செய்தி போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, வேலையும் முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபக்கத்துக் கணினி மெதுவாக இயங்கிக்கொண்டிருக்கலாம். மூன்றில் எது நடந்தது என்று அனுப்பிய கணினிக்குத் தெரியாது. ஒரே கணினிக்குள் ஓடும் நிரலுக்கு இந்தத் தவிப்பு கிடையாது. அங்கே வேலை நடந்தது அல்லது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

மலையகத் தோட்டங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொழுந்தெடுக்கும் பெண்கள் நாளில் இரண்டு மூன்று தடவை மடுவம் என்ற நிறுவைக் கொட்டகைக்கு வந்து கொழுந்து நிறுக்கிறார்கள். நிறுவையைக் கணக்கப்பிள்ளையோ வெளிக்கள உத்தியோகத்தரோ குறித்துக்கொள்கிறார். அந்தக் குறிப்பு தோட்டக் காரியாலயத்துக்குப் போய்ச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறுகிறது. நாளுக்குரிய கிலோ நிறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை; நிறையாவிட்டால் அரைப் பேர். மாத முடிவில் பேரைக் கூட்டிச் சம்பளம். அதே கொழுந்து லொறியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போய் அங்கே மறுபடி நிறுக்கப்படுகிறது. வழியில் ஈரம் உலர்ந்துவிடும், சாக்கின் எடை கழியும். ஆகவே இரண்டு நிறுவையும் அப்படியே ஒத்துப்போவது அரிது. ஒரே கொழுந்துக்கு மடுவத்தில் ஒரு எண், தொழிற்சாலையில் இன்னொரு எண், காரியாலயப் புத்தகத்தில் மூன்றாவது எண். இவற்றில் எதை நம்புவது என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து வளர்ந்து வந்த இந்தக் காகித ஏற்பாடு, கணினி இல்லாத ஒரு பரம்பல் முறைமைதான்.

இப்போது சில பெருந்தோட்டக் கம்பனிகள் மின்னணுத் தராசுக்கு மாறியிருக்கின்றன. அப்படியொரு ஏற்பாட்டை வடிவமைக்க உட்காரும் பொறியியலாளருக்கு முதலில் எதிரே நிற்பது மலைதான். பள்ளத்தில் இருக்கும் தோட்டப் பகுதிகளுக்குச் சிக்னல் எட்டாது. எனவே நிறுவையைப் பதியும் கைக்கருவி நிறுவைகளைத் தனக்குள் சேர்த்து வைத்து, சிக்னல் கிடைத்த பிறகு காரியாலயக் கணினிக்கு அனுப்ப வேண்டும். ஒரு பெண்ணின் காலை நிறுவை 9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கருவி அதை அனுப்புகிறது. காரியாலயக் கணினி பதிந்துகொண்டு, கிடைத்தது என்று பதில் அனுப்புகிறது. அந்த நேரம் பார்த்து, கருவியை ஏற்றிப் போகும் லொறி ஒரு வளைவில் திரும்ப, சிக்னல் அறுந்துவிடுகிறது. பதில் வராத கருவி என்ன செய்வது? மறுபடி அனுப்பினால் செக்ரோலில் 18 கிலோ ஏறிவிடும். அனுப்பாமல் விட்டு, முதல் செய்தி உண்மையாகவே தொலைந்திருந்தால், அந்தப் பெண்ணின் காலை உழைப்பு முழுவதும் கணக்கிலிருந்து போய்விடும்.

இதற்கு விடை பழையது, எளியது. ஒவ்வொரு நிறுவைக்கும் வேறு எதற்கும் இல்லாத ஒரு தனி இலக்கம் கொடுப்பது. காரியாலயக் கணினி ஒரு இலக்கத்தை ஒரு தடவைதான் பதியும். அதே இலக்கம் மறுபடி வந்தால், ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். எத்தனை தடவை அனுப்பினாலும் பலன் ஒரு தடவை அனுப்பியதுதான். இந்தக் குணத்துக்குத் துறையில் ஐடெம்போட்டன்ஸ் என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் அந்த இலக்கம் எந்த நேரத்தில் பிறக்க வேண்டும் என்று கேட்பவர்தான் மூத்தவர். காரியாலயக் கணினியில் பிறந்தால் பயனில்லை, ஏனென்றால் அங்கே வரும் ஒவ்வொரு செய்தியும் புதிதாகவே தெரியும். கருவி அனுப்பும் நேரத்தில் பிறந்தாலும் போதாது. பற்றரி இறங்கிக் கருவி மறுபடி இயங்கும்போது அதே நிறுவைக்கு வேறு இலக்கம் விழும். தராசில் எடை நின்ற அந்தக் கணத்திலேயே இலக்கம் பிறந்து, எடையோடு சேர்ந்து கருவியின் நினைவகத்தில் எழுதப்பட்டுவிட வேண்டும். இந்த ஒரு வரி வித்தியாசத்தில் ஒருவருடைய சம்பளம் தங்கியிருக்கிறது.

அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு முடிவான விடையே கிடையாது என்பதும் நிறுவப்பட்ட விஷயம். அதை விளக்கும் கதை இது: இரண்டு மலைகளில் இரண்டு படைகள், நடுவில் எதிரியின் பள்ளத்தாக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதன் பள்ளத்தாக்கைக் கடந்துதான் போக வேண்டும், வழியில் பிடிபடவும் கூடும். முதல் தளபதி நேரம் குறித்து அனுப்புகிறார். இரண்டாமவர் சம்மதம் அனுப்புகிறார். அந்தச் சம்மதம் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டாமவருக்குத் தெரியாது, ஆகவே முதலாமவர் அதற்கு ஒரு பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதிலுக்கு ஒரு பதில். இப்படியே போனால் முடிவில்லை. எத்தனை தூதர்கள் போய் வந்தாலும் இருவருக்கும் முழு நிச்சயம் வராது என்பது 1970களில் கணினி அறிஞர்கள் காட்டிய முடிவு. இரண்டு தளபதிகள் சிக்கல் என்று அது இன்றும் பாடமாகச் சொல்லித் தரப்படுகிறது. தொழிலில் இறங்கியவர்கள் இந்த நிச்சயமின்மையை ஒழிக்கப் பார்ப்பதில்லை. அது இருக்கும்போதும் கணக்குக் கெடாதபடி வேலையை அடுக்குகிறார்கள்.

அடுத்த சிக்கல் எது முந்தியது என்பது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் தொடங்கியது. அதன்பின் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரே மண்டபத்தில் வாங்குவோர் உட்கார்ந்து குரல் கொடுக்க, தரகர் சுத்தியலைத் தட்டுவார். யார் முதலில் கேட்டார் என்பதை ஒருவருடைய காதும் கண்ணும் தீர்மானித்தன. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நடுவே, ஏலம் மின்னணு முறைக்கு மாறியது. வாங்குவோர் அவரவர் இடத்தில் இருந்துகொண்டே விலை கேட்டார்கள். மண்டபம் போய்விட்டதால், முந்தியது யார் என்ற கேள்வி கணினிகளிடம் வந்து சேர்ந்தது. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி முன்பின் இருக்கும். அனுப்பியவரின் கடிகாரத்தை நம்பினால் கடிகாரம் பிந்திய கணினிக்காரருக்கு இலாபம். பெறும் கணினியின் கடிகாரத்தை நம்பினால் வேகமான இணைப்பு உள்ளவருக்கு இலாபம். அமெரிக்கக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்தச் செய்தி எந்தச் செய்திக்குக் காரணமாக இருந்தது என்ற தொடர்பை வைத்தே வரிசை கட்டலாம் என்று அவர் காட்டினார். இன்று உலகின் பெரிய தரவுத்தளங்கள் பலவற்றின் அடியில் அந்த எண்ணம் ஓடுகிறது.

இணைப்பு அறுந்திருக்கும்போது என்ன செய்வது என்பது இவற்றை விடக் கனமான கேள்வி. அமெரிக்கப் பேராசிரியர் எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் முன்வைத்து, 2002இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபித்த தேற்றம் சொல்வது இது: கணினிகளுக்கு இடையில் இணைப்பு அறுந்த நேரத்தில், எல்லா இடத்திலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்தலாம், அல்லது வேலையைத் தொடர்ந்துவிட்டுக் கணக்கைப் பிறகு சரிபார்க்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. வங்கியில் பெரும்பாலும் முதல் வழி; மீதி என்ன என்று தெரியாதபோது பணம் கொடுக்க முடியாது. மடுவத்தில் இரண்டாவது வழிதான் நடக்கும். பறித்த கொழுந்து சிக்னலுக்காகக் காத்திருந்தால் கருகிவிடும். முதலில் எடை போட்டு, பிறகு சரிபார்த்தே ஆக வேண்டும். அப்படிச் சரிபார்க்கும்போது கருவியும் காரியாலயமும் முரண்பட்டால் யாருடைய எண் நிற்கும் என்பது நிரலில் ஒரு வரி. அதை எழுதுபவர் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பார். அதன் விளைவு மஸ்கெலியாவில் தொழிலாளர் குடியிருப்பான ஒரு லயத்துக்கு வந்து சேரும். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிவு போடுவது தோட்டங்களில் நெடுங்காலமாக இருக்கும் மனவருத்தம். எடை போட்ட கணத்திலேயே கொழுந்தெடுத்த பெண்ணின் கைக்கு ஒரு துண்டோ போனுக்கு ஒரு குறுஞ்செய்தியோ போகும்படி வடிவமைத்தால், கணக்கின் ஒரு பிரதி அவளிடமும் இருக்கும். முரண்பாடு வரும் நாளில் அவளும் அந்தப் பரம்பல் முறைமையில் ஒரு சாட்சி. நல்ல வடிவமைப்பு என்பதில் இதுவும் அடங்கும்.

தேயிலைக்கும் கணினிக்கும் உள்ள உறவு உவமையோடு நிற்பதில்லை. அலுவலக வேலைக்கென்று உலகில் முதன்முதல் ஓடிய கணினியை உருவாக்கியது ஒரு தேநீர்க் கம்பனி. இலண்டனில் தேநீர்க் கடைகளுக்குப் பேர்போன ஜே. லயன்ஸ் கம்பனி, 1947இல் இரண்டு அலுவலர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் புதிய கணிக்கும் இயந்திரங்களைப் பார்த்துவரச் செய்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டிருப்பது அங்கேதான் அவர்களுக்குத் தெரியவந்தது. கம்பனி வில்க்ஸுக்கு 3000 பவுண் கொடுத்து உதவியது. எட்சாக் என்ற அந்த இயந்திரம் 1949 மே 6இல் ஓடியது. அதைப் பார்த்து லயன்ஸ் கட்டிய லியோ 1951 நவம்பரில் கம்பனியின் வெதுப்பகக் கணக்கைப் போடத் தொடங்கியது. பிறகு சம்பளப் பட்டியலும், தேநீர்க் கடைகள் நாள்தோறும் கேட்கும் பண்டங்களின் பட்டியலும், தேயிலைக் கலவைப் பிரிவின் கணக்கும் அதில் ஏறின. மலைகளில் செக்ரோல் கையால் எழுதப்பட்ட காலத்தில், தேயிலை போய்ச் சேர்ந்த ஊரில் அதன் கணக்கு இயந்திரத்தில் ஓடியது.

நிரலாளர் கருவிகளின் கதையும் அதே எட்சாக்கில் தொடங்குகிறது. நிரல் எழுதத் தொடங்கிய சில நாளிலேயே, தன் மீதி வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களின் பிழையைத் தேடுவதிலேயே போகும் என்று வில்க்ஸுக்கு உறைத்ததாக அவரே பின்னாளில் சொன்னார். அவருடைய மாணவர் டேவிட் வீலர், மனிதன் படிக்கக்கூடிய எழுத்துகளில் எழுதிய கட்டளையை இயந்திரத்துக்குரிய எண்ணாக மாற்றும் ஒரு சிறு நிரலை எழுதினார். அடிக்கடி தேவைப்படும் துண்டு நிரல்களை ஒருவர் ஒரு தடவை எழுதிச் சரிபார்த்து ஒரு நூலகமாக வைத்தால் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற வழக்கமும் அங்கே வளர்ந்தது. வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் வெளியிட்ட நூல் அதைப் பற்றியது. எழுதுபவரின் கைப்பிழையைக் குறைக்கும் கருவியைச் செய்பவர், தான் ஒருபோதும் பார்க்காத ஆயிரம் நிரல்களைத் திருத்துகிறார்.

இலங்கையில் இந்த வழி பல்கலைக்கழகங்களில் பிறந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவ 1990இல் லேர்ன்மெயில் என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடக்கினார். நிரந்தர இணைப்புக் கிடையாது. கடிதங்களைச் சேர்த்து வைத்து, தொலைபேசியில் அழைத்து, அனுப்பிவிட்டு, வந்தவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. சிக்னல் கிடைக்கும்போது நிறுவைகளை அனுப்பும் மடுவத்துக் கருவியின் மூத்த உறவு என்றே அதைச் சொல்லலாம்.

அதற்கடுத்த கட்டத்தில் முக்கியமானவர் சஞ்சீவ வீரவரண. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1997இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். வெவ்வேறு கம்பனிகள், வெவ்வேறு மொழிகளில் எழுதிய நிரல்கள் இணையம் வழியே ஒன்றையொன்று அழைத்து வேலை வாங்குவதற்கு அந்தக் காலத்தில் பொது ஒப்பந்தம் இல்லை. நான் எதைக் கேட்டால் நீ எதைத் தருவாய் என்று ஒரு சேவை தன்னைப் பற்றி எழுதி வைக்கும் விதிமுறையாக 2001இல் டபிள்யூஎஸ்டிஎல் வெளிவந்தது. அதை எழுதியவர்களில் அவரும் ஒருவர். பிறகு இலங்கையிலிருந்தே வேலை செய்த அவர், 2003இல் லங்கா மென்பொருள் மன்றத்தை நிறுவினார். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, மூலநிரல் திறந்த மென்பொருளை இலங்கைப் பொறியியலாளர்களே எழுதி உலகுக்குக் கொடுப்பது அதன் நோக்கம். அப்பாச்சி அக்சிஸ்2 என்ற இணையச் சேவை இயந்திரத்தில் பெரும்பங்கு வேலை அந்த மன்றத்து இளைஞர்களுடையது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்தபோது, காணாமல் போனவர்களின் பதிவு, முகாம்களின் விவரம், உதவிப் பொருட்களின் இருப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தச் சஹானா என்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதினார்கள். அது பிறகு பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

2005இல் வீரவரணவும் போல் பிரீமண்டலும் தாவனம் சீனிவாசும் சேர்ந்து டபிள்யூஎஸ்ஓ2 என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்காகக் கூலிக்கு நிரல் எழுதுவது அப்போது இந்தப் பகுதியில் பெரிய தொழில். இந்தக் கம்பனி அந்த வழியை விட்டு, மற்ற நிரலாளர்கள் பயன்படுத்தும் அடித்தள மென்பொருளைக் கொழும்பிலிருந்து செய்து, மூலநிரலைத் திறந்தே வைத்தது. இலங்கை மென்பொருள் வரலாற்றில் இதைவிடத் துணிவான முடிவு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஈபே நிறுவனம் நாளொன்றுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களை இந்தக் கம்பனியின் மென்பொருள் வழியே செலுத்தியது. 2024இல் சுவீடனின் ஈக்யூடி குழு கம்பனியை வாங்க ஒப்புக்கொண்டது.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு பெயர் இங்கே வருகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து மாணவர் சிலர், சிறீநாத் பெரேராவின் வழிகாட்டலோடு, சித்தி என்ற மென்பொருளை எழுதினார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சிறீஸ்கந்தராஜா சுகோதயன். வழக்கமான தரவுத்தளத்தில் தரவு கிடக்கும், கேள்வி வந்து போகும். சித்தியில் கேள்வி கிடக்கும், தரவு அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே வங்கி அட்டையால் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு ஊர்களில் பணம் எடுக்கப்பட்டால் உடனே சொல் என்று எழுதி வைத்துவிட்டால், பரிமாற்றங்கள் வெள்ளமாய் வரும்போது அந்தக் கேள்வி தானாகவே ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கும். டபிள்யூஎஸ்ஓ2 இதைத் தன் தயாரிப்புகளில் சேர்த்தது; ஊபர் நிறுவனமும் தன் நிகழ்நேர ஆய்வில் பயன்படுத்தியது. பட்டப்படிப்பின் இறுதிச் செயற்றிட்டமாகத் தொடங்கிய ஒன்று இவ்வளவு தூரம் போனது.

2017இல் டபிள்யூஎஸ்ஓ2 கம்பனி பாலரினா என்ற நிரல் மொழியை அறிவித்தது; 2019இல் அதன் முதலாவது முழுப்பதிப்பு வந்தது. எக்ஸ்எம்எல் விதிமுறையை உருவாக்கிய குழுவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் சேர்ந்தார். அதன் ஒரு சிறு அம்சத்தைக் கிட்டத்தில் பார்த்தால், இரண்டு தொழில்களும் எங்கே சந்திக்கின்றன என்பது விளங்கும். பெரும்பாலான மொழிகளில், தன் கணினிக்குள்ளே இருக்கும் ஒன்றை அழைப்பதும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒன்றை அழைப்பதும் எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் எழுதுவது ஒரே புள்ளிக்குறியால்தான். எழுதுபவர் வலையைக் கடக்கிறோம் என்பதையே மறந்துவிடுவார். பாலரினாவில் உள்ளே அழைத்தால் புள்ளி; வலையைக் கடந்து அழைத்தால் அம்புக்குறி. நிரலைப் படிப்பவரின் கண்ணுக்கு, இந்த இடத்தில் பதில் வராமல் போகலாம் என்பது அந்தக் குறியிலேயே தெரிந்துவிடும். அப்படி அழைத்ததில் பிழை திரும்பி வரக்கூடும் என்றால், அதைக் கண்டுகொள்ளாமல் விட்ட நிரலை மொழியின் தொகுப்பி ஏற்காது. எழுதிய நிரலை, எந்தக் கணினி எந்தக் கணினியிடம் என்ன கேட்கிறது என்று அம்புகளால் காட்டும் படமாகவும் பார்க்கலாம். இரண்டு தளபதிகளின் பாடத்தை ஒவ்வொரு புதியவரும் தலையில் அடிபட்டுக் கற்பதற்குப் பதிலாக, மொழியே கையைப் பிடித்து நிறுத்துகிறது.

கருவியே பிழைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 அக்டோபர் 4 சாட்சி. அன்று இலங்கை நேரம் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் சுமார் ஆறு மணித்தியாலம் உலகெங்கும் நின்றன. மத்திய கிழக்கில் இருக்கும் மகளோடு பேசக் காத்திருந்த தாய்மார் லயங்களில் போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பராமரிப்பு வேலையின்போது இட்ட ஒரு கட்டளை அவற்றை நடத்தும் கம்பனியின் தரவு நிலையங்களுக்கு இடையிலான இணைப்பு முழுவதையும் அறுத்துவிட்டது என்று கம்பனியின் பொறியியலாளர்களே பிறகு விளக்கினார்கள். அப்படிப்பட்ட கட்டளையைத் தடுப்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவியிலேயே ஒரு பிழை இருந்ததால் கட்டளை தடுக்கப்படாமல் ஓடிவிட்டது.

இத்தகைய வேலையில் ஒருவர் முதிர்வது எப்படி? சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் கொடுத்த சிறு பகுதியை எழுதுவார், அதற்குச் சோதனை எழுதுவார், மற்றவரின் நிரலைப் படிக்கப் பழகுவார். பிறகு முறை வைத்து இரவுக் காவல் வரும்; நள்ளிரவு இரண்டு மணிக்குப் போன் அலறினால் எழுந்து, நூறு கணினிகளில் எதில் கோளாறு என்று தேட வேண்டும். அதற்கு ஒரு கோரிக்கை உள்ளே நுழையும்போதே ஓர் அடையாள இலக்கம் கொடுத்து, அது போகும் கணினிகளில் எல்லாம் அந்த இலக்கத்தோடு குறிப்பு எழுத வைப்பார்கள். தொழிற்சாலையில் போட்ட இலக்கத்தை வைத்துக் கொழும்புக் களஞ்சியம் வரை ஒரு தேயிலைப் பொதியைத் தேடிப் பிடிப்பது போன்றது அது. மூத்த பொறியியலாளர் என்ற நிலைக்கு வந்தவர் எழுதும் நிரலின் அளவு குறையத் தொடங்கும். எதை எழுதக்கூடாது என்று சொல்வதும், வடிவமைப்பைக் கட்டுவதற்கு முன் பத்துப் பக்கத்தில் எழுதி மற்றவர்கள் குறை பிடிக்கக் கொடுப்பதும், கோளாறு நடந்த மறுநாள் யார் மேலும் பழி போடாமல் காரணத்தை வரிசையாக எழுதி வைப்பதும் அவர் வேலை. அந்தப் படிக்கு மேல் தொழில்நுட்பத் தலைவர், கட்டமைப்பாளர். ஆட்களை நிர்வகிக்க விருப்பமில்லாதவர் கடைசிவரை நிரலோடேயே வளர்வதற்கும் இந்தத் துறையில் பாதை உண்டு.

மலையகத்திலிருந்து இந்தப் பாதைக்கு வருவது நேரான ஏற்றமாக இருந்ததில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான்; அதற்கு முன் அவை தோட்ட நிர்வாகங்களின் கையில், பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. இன்றும் உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் குறைவு. மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ பொறியியல் படிக்கப் போக அந்தக் கணிதப் பிரிவுதான் வாசல். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது; நுவரெலியா அந்த 16இல் ஒன்று. ஆனால் பாடம் நடத்த ஆசிரியர் இல்லாத இடத்தில் ஒதுக்கீடு மட்டும் இருந்து என்ன செய்யும்? அப்படிப்பட்ட இடங்களில் கணிதப் பிரிவைத் திறந்து, அதற்கு ஆசிரியரை நிறுத்தி வைப்பதுதான் முதல் வேலை.

தமிழில் உயர்தரம் முடித்தவர் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்பது இரண்டாவது ஏற்றம். இதில் ஓர் ஆறுதல் உண்டு. கம்பனிகள் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஏற்கெனவே எழுதிய நிரலையும் கேட்கின்றன. திறந்த மூலநிரல் திட்டங்களில் யாரும் எழுதலாம். கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் அதன் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவரைச் சேர்த்த பல்கலைக்கழகமாக மொறட்டுவை இருந்ததற்கு இப்படித் திறந்த மூலநிரல் எழுதும் பழக்கமும் ஒரு காரணம். பாலரினாவின் மூலநிரல் முழுவதும் கிட்ஹப் தளத்தில் கிடக்கிறது. புதிதாக வருபவர் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் தொடங்குவார்: விளங்காத ஒரு பிழைச் செய்தியை விளங்கும்படி மாற்றுவது, விளக்கக் குறிப்பில் தப்பாக இருக்கும் ஓர் உதாரணத்தைத் திருத்துவது.

அதற்குப் பயன்படும் கிட் என்ற கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதினார். அது நிரலாளர் கருவி. தானே ஒரு பரம்பல் முறைமையும்கூட. திட்டத்தை இறக்கிக்கொண்ட ஒவ்வொருவரின் மடிக்கணினியிலும் அதன் வரலாறு முழுவதும் ஒரு பிரதியாக இருக்கும். நானுஓயாவில் இணைப்பு இல்லாத ஒரு மழை நாளிலும் வேலையைத் தொடர்ந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் அங்கேயே பதிந்து வைக்கலாம். அப்படிப் பதியும் கணத்திலேயே, மாற்றத்தின் உள்ளடக்கத்தையும் எழுதியவர் பெயரையும் நேரத்தையும் சேர்த்துக் கணித்து, நாற்பது எழுத்து நீளமான ஓர் இலக்கத்தைக் கிட் அதற்குக் கொடுக்கிறது. சிக்னல் வந்த பிறகு எத்தனை தடவை அனுப்பினாலும் அது ஒரே மாற்றமாகத்தான் ஏறும். மறுபக்கத்தில் மூத்தவர் ஒருவர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பார், சோதனைக் கணினிகள் ஓடிப் பார்க்கும். திருத்தம் ஏற்கப்பட்டதும் எழுதியவரின் பெயர் அந்த வரிகளோடு சேர்ந்து எல்லாருடைய பிரதியிலும் போய் விழுகிறது.